வேறொரு வண்டியின் கண்ணாடி

பதினெட்டு வருடப் பழசான என் காருக்குப் போன வாரம் கிள்ளான் பட்டறை ஒன்றில் புது மாடல் பம்பரும், சிக்னல் விளக்கு வைத்த பக்கக் கண்ணாடிகளும் மாட்டினேன். விபத்தில் நொறுங்கிய ஒரு வண்டியிலிருந்து கழற்றியவை.

"காடிக்கு மறுபடி ஒரு பூசை போட்டுருங்க அக்கா," என்றார் பட்டறைக்காரர் சிவா.

"கார் வாங்கினப்பவே போட்டாச்சு."

"அது உங்க காடிக்கு. மிரர் வேற ஆளோடது லா."

சிரித்துவிட்டு வந்தேன்.

இன்று காலை வீட்டு வாசலில் ரிவர்ஸ் கியர் போட்டதும் இடது கண்ணாடி தானாகக் கீழே சாய்ந்தது. எரிச்சலோடு அதை நிமிர்த்தப் பொத்தானைத் தேடும்போதுதான் அதில் பார்த்தேன். பின்சக்கரத்தை ஒட்டிப் பக்கத்து வீட்டு இரண்டு வயதுப் பாப்பா குந்தியிருந்தாள், கழன்ற செருப்பை மாட்டிக்கொண்டு.

அவளை அவள் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்து சிவாவுக்குப் போன் செய்தேன். "ரிவர்ஸ்ல கண்ணாடி இறங்குற மாதிரி செஞ்சு குடுத்தீங்களே, ரொம்ப நன்றி."



"அக்கா, கியருக்கும் மிரருக்கும் நடுவுல நான் வயரே இழுக்கல. உங்க காடில அதுக்கு வழியும் இல்ல. கொண்டாங்க, கழட்டிரலாம்."

வேண்டாம் என்றேன்.

அதற்குப் பிறகு பத்து முறை ரிவர்ஸ் போட்டுப் பார்த்தேன். கண்ணாடி அசையவே இல்லை.

மின்னியல் படித்த நண்பர்கள் காரணம் சொல்லுங்கள், நம்பத் தயார். கூடவே, கண்ணாடிக்கு மட்டும் பூசை போடக் கேட்டால் சிரிக்காத ஐயர் யாராவது தெரிந்தாலும் சொல்லுங்கள்.