எதிர்க்கடை அண்ணாச்சிக்கு என் ஏஜென்ட் எழுதிய கடிதம்

சாலைக் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் எனக்கு ஒரே ஒரு பெருமை. வந்தவரிடம் "இல்லை" என்று சொன்னதில்லை. குழாய் திருப்பும் எல்போ உண்டோ என்று கேட்டால், "உண்டு, இரிக்கூ" என்று மலையாளத்தில் சொல்லி உட்காரவைத்துவிட்டுத் தெருவைக் கடந்து, எதிர்க்கடை அண்ணாச்சியின் அலமாரியிலிருந்து எடுத்து வருவேன். அவரும் என் கடையில் அப்படித்தான். கேட்டுக்கொள்வதில்லை, தலையசைப்போடு சரி. சரக்கு வந்ததும் எடுத்ததைத் திரும்ப வைத்துவிடுவோம்.

ஐ.டி. ஆபீஸில் இருக்கும் மகள் என் போனில் ஒரு ஏஐ ஏஜென்டைக் குடிவைத்தாள். "ஸ்டாக்கை இனி அது பார்த்துக்கும் அப்பா. நம்ம வழக்கத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தா போதும், கேட்டோ?"

பாடம் நடத்துவதில் எனக்கு அலாதிப் பிரியம். வீட்டில் யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை. இது கேட்டது, சந்தேகமும் கேட்டது.

"பதினோரு எல்போ விற்றிருக்கிறீர்கள். கடையில் ஒன்றுகூட இருக்கவில்லையே?"

"எதிர்க்கடையில் எடுத்தேன்."

"வந்துசேர எத்தனை நாள்?"

"இரண்டு நிமிஷம்."

"இவரே உங்களுடைய மிகச் சிறந்த சப்ளையர். இனி இவருக்கு நானே எழுதட்டுமா?"

அடிக்குறிப்பைக்கூட விடாமல் படிக்கிறவன், இதைச் சரியாகப் படிக்காமலே "சரி" என்று அமுக்கினேன்.

மறுநாள் காலை அண்ணாச்சி போனும் கையுமாக வந்தார். உரக்க வாசித்தார்: "'மதிப்பிற்குரிய சப்ளையருக்கு, எல்போ இருபது, வால்வு ஆறு தயாராக வைக்கவும். தாமதம் தவிர்க்கவும்.' என்ன வே, நான் உமக்கு சப்ளையராக்கும்?"

"நான் இல்லை அண்ணாச்சி, மிஷின்."

"மிஷினுக்குச் சொல்லிக்கொடுத்தது யாரு? தாமதம் தவிர்க்கணுமாம்லா! என்னைக்கு வே நான் தாமதிச்சேன்?"

அன்றே ஒருவர் வால்வு கேட்டார். எதிரே பார்த்தேன். அண்ணாச்சி பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். "இல்லை" என்றேன். பழக்கமில்லாததால் இருமல் மாதிரி வந்தது. மூன்று நாளில் நன்றாகவே பழகிவிட்டது. வாடிக்கையாளர்களும் அடுத்த தெருவுக்குப் போகப் பழகிக்கொண்டார்கள்.

நாலாம் நாள், அண்ணாச்சி கடையில் ஒரு ஆசாரி கதவுக் கீல் கேட்டு நின்றார். அண்ணாச்சியிடம் கீல் கிடையாது. எப்போதும் என்னிடம்தான் எடுப்பார். இப்போது எடுக்க வரவில்லை. மேஜையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். எனக்குத் தாங்கவில்லை. ஒரு டஜன் கீலோடு போய் மேஜைமேல் வைத்தேன்.

"நான் ஆர்டர் போடலியே" என்றார். கை மட்டும் கீலை எடுத்து ஆசாரியிடம் கொடுத்தது.

போனை நீட்டினேன். "தப்பைத் திருத்தணும் அண்ணாச்சி. நீங்க எனக்கு யாருன்னு இது கேக்குது."

போனை வாங்கினார். தேர்ந்தெடுக்க ஏஜென்ட் நான்கு உறவுகள் வைத்திருந்தது: சப்ளையர், வாடிக்கையாளர், கிளை, போட்டியாளர். கண்ணாடியை இறக்கி நிதானமாகப் படித்தார்.

"கிளையாம்! போட்டியாளர்னு போடும். அதாக்கும் மரியாதை."

போட்டேன். 'போட்டியாளருக்கு உங்கள் இருப்பு விவரம் தெரியாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று உடனே எச்சரித்தது. வாசித்துக் காட்டலாமென்று நிமிர்ந்தால் நாற்காலியில் ஆளைக் காணோம். தெருவுக்கு அந்தப் பக்கம், என் கடைக்குள்ளிருந்து குரல் வந்தது:

"இந்தக் கீலுக்குத் திருகு எங்க வே வச்சிருக்கீரு?"