போர்டில் எழுதிப்போட்ட ரத்தம்

என் பிளஸ் டூ விலங்கியல் ரெக்கார்டு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. எரித்துவிடலாம் என்று இரண்டு மூன்று தடவை அடுப்படி வரைக்கும் கொண்டுபோயிருக்கிறேன். எரிக்கவில்லை. கோபம் ஆறிவிடக் கூடாது என்பதற்காகவே பீரோவில் வைத்திருக்கிறேன். அதில் ஒரு பக்கத்தில் மனித ரத்த வகை கண்டறியும் சோதனை. நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை எல்லாம் என் குண்டுக் கையெழுத்தில். கடைசியில் முடிவு: கொடுக்கப்பட்ட ரத்தம் பி பாசிட்டிவ் வகையைச் சேர்ந்தது. கீழே சிவப்பு மையில் ஒரு டிக், டீச்சரின் கையெழுத்து.

அந்த ஒரு வரியால்தான் என் மகளுக்குக் காது கேட்காமல் போயிற்று. அவளுக்கு இப்போது ஏழு வயது.

நான் படித்தது பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளி. அங்கே சோதனை செய்வதற்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் முடிவு, பிறகுதான் சோதனை. முந்தைய வருடம் முழு மார்க் வாங்கிய அக்காவின் நோட்டை டீச்சர் வாங்கி வைத்திருப்பார். அதைப் பார்த்துப் போர்டில் எழுதிப்போடுவார். நாங்கள் ரெக்கார்டில் ஏற்றுவோம். அந்த அக்கா அவளுக்கு முந்தைய அக்காவைப் பார்த்து எழுதியிருப்பாள். முதன்முதலில் சோதனையைச் செய்து பார்த்தவள் யார் என்று யாருக்கும் தெரியாது. இலையில் ஸ்டார்ச் இருந்தது என்று எழுதி முடித்த பிறகுதான் இலை பறிக்கப் போவோம். புனலுக்குள் வேலம்பாசி குமிழி குமிழியாக ஆக்சிஜன் விட்டதாக நாங்கள் எழுதிய வாரத்தில், பாசி எடுக்கப் போன வாய்க்காலில் தண்ணீரே இல்லை. மராமத்துக்காக அடைத்து வைத்திருந்தார்கள்.

யாரும் இதை ஏமாற்று என்று நினைக்கவில்லை. செய்முறைத் தேர்வுக்கு வெளிப் பள்ளியிலிருந்து எக்ஸ்டர்னல் வருவார். நோட்டுகளைப் புரட்டுவார். ஒன்றுக்கொன்று மாறியிருந்தால் துருவித் துருவிக் கேட்பார். எனவே நாற்பத்திரண்டு நோட்டும் ஒன்றுபோல இருக்கும்படி பார்த்துக்கொள்கிறவர்தான் நல்ல டீச்சர். எங்கள் டீச்சர் நல்ல டீச்சர். பரீட்சை அன்றைக்குக் காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளைகளுக்குத் தன் இட்லியைப் பிய்த்துக் கொடுத்தவர். அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடிந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருக்கும்.

ரத்த வகைச் சோதனை மட்டும் உண்மையாகவே நடந்தது. நீலம், மஞ்சள், நிறமில்லாதது என்று மூன்று சின்னக் குப்பிகள் வந்திருந்தன. வெள்ளைப் பீங்கான் ஓட்டில் மூன்று சொட்டு ரத்தம் வைத்து, குப்பிக்கு ஒரு சொட்டாக மருந்து விட்டு, தீக்குச்சியால் கலக்க வேண்டும். எந்தச் சொட்டு திரிந்த பாலைப்போலத் திரிதிரியாகப் பிரிகிறதோ அதை வைத்து வகையைச் சொல்லலாம். விரலைக் குத்திக்கொள்ள எல்லோரும் பின்வாங்கினார்கள். நான் குத்திக்கொண்டேன். எனக்கு எப்போதுமே வீம்பு கொஞ்சம் அதிகம்.

மூன்று சொட்டும் திரியவில்லை. கலக்கிக் கலக்கிப் பார்த்தேன். வழவழவென்று சிவப்பாகவே கிடந்தன.

"டீச்சர், எனக்கு எதுவுமே திரியல."

டீச்சர் எட்டிப் பார்த்தார். "மருந்து பழசுட்டி. போன வருசம் வாங்குனது. போர்டுல இருக்கறத எழுதிக்கோ."

"அப்ப என் குரூப்பு?"

"அதான் எழுதிப் போட்டிருக்கேன்லா. பி பாசிட்டிவ்."

அந்தப் பீங்கான் ஓட்டை எடுத்துப்போய்க் குழாயடியில் கழுவினேன். என்னைப் பற்றி என் ரத்தம் சொன்ன ஒரே உண்மை சாக்கடையில் போயிற்று. எந்தச் சொட்டும் திரியவில்லை என்றால் ஓ நெகட்டிவ் என்று அதே பாடப் புத்தகத்தில் அட்டவணை போட்டிருந்தது. அதை நான் மனப்பாடமாக ஒப்பிப்பேன். ஒப்பிக்கத் தெரிந்த எனக்குப் பார்க்கத் தெரியவில்லை.

அடுத்த மாதம் அடையாள அட்டைக்குப் படிவம் வந்தது. ரத்த வகை என்ற கட்டத்தில் எல்லோரும் ரெக்கார்டைப் பார்த்து எழுதினோம். வகுப்பு முழுவதும் பி பாசிட்டிவ். "நம்ம எல்லாம் ஒரே ரத்தம்லா" என்று சிரித்தோம். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது மட்டும் யார் யாரோடு உட்கார வேண்டும் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதையெல்லாம் பிழையில்லாமல் கற்றிருந்தோம்.

அந்த அட்டையிலிருந்து கல்லூரி அட்டைக்கு, அதிலிருந்து பி.எட். அட்டைக்கு, அதிலிருந்து வண்டி ஓட்டும் லைசென்சுக்கு என்று பி பாசிட்டிவ் என்னோடு வந்தது. எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்தேன். அங்கேயும் ரத்தச் சோதனை இருந்தது. எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே என்று பக்கத்தில் இருந்தவளைக் குத்திக்கொள்ளச் சொன்னேன். கல்யாணத்துக்கு இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பத்துப் பொருத்தம் பார்த்தார்கள். ரத்த வகை என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

கல்யாணமான வருடமே உண்டானேன். மூன்றாம் மாதம் கலைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். கர்ப்பப்பையைச் சுத்தம் செய்யும் முன் நர்சு சீட்டு எழுதினாள்.

"பிளட் குரூப் என்னக்கா? டெஸ்டுக்கு அனுப்பணுமா?"

"பி பாசிட்டிவ். நான் சுவாலஜி டீச்சர்தான்."

அவள் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் ஒரு கூலி வேலைக்காரியாகப் போயிருந்தால் சோதித்திருப்பாள். படித்தவள் என்று நம்பிவிட்டாள். நான் சொன்னாலும் சோதித்திருக்க வேண்டியவள்தான், அது தனி. நெகட்டிவ் ரத்தக்காரிக்குக் கரு கலைந்தால் மூன்று நாளைக்குள் ஆன்டி-டி என்று ஓர் ஊசி போட வேண்டும். போடாவிட்டால் அவள் உடம்பு பாசிட்டிவ் ரத்தத்தை எதிரியாகப் பழகி வைத்துக்கொள்ளும். அடுத்து வரும் பிள்ளை பாசிட்டிவாக இருந்தால் அதன் ரத்தத்தைப் போய் அழிக்கும். இதையும் நான் பாடமாக நடத்தியிருக்கிறேன். ஐந்து மார்க் கேள்வி. ஊசி போடாமல் மூன்று நாள் படுத்திருந்துவிட்டு, லீவு தீர்ந்ததும் பள்ளிக்கூடம் போனேன்.

இரண்டாவது தடவை நான்காம் மாதத்தில் டாக்டர் வற்புறுத்தி எல்லாச் சோதனைக்கும் அனுப்பினார். ரத்தப் பரிசோதனை நிலையத்துத் தம்பி ஓ நெகட்டிவ் என்று எழுதிக் கொடுத்தான். நான் அவனோடு சண்டைக்குப் போனேன்.

"தம்பி, வேற யார் சாம்பிளையோ மாத்திப் பாத்திருக்க. நான் பி பாசிட்டிவ்."

"அக்கா, மூணு மட்டம் பாத்துட்டேன்."

"மருந்து பழசா இருக்கும்."

"நேத்து உடைச்ச குப்பிக்கா. இங்கன வந்து நீங்களே பாருங்க."

போய்ப் பார்த்தேன். வெள்ளை ஓட்டில் மூன்று சொட்டு. எதுவும் திரியவில்லை. வழவழவென்று சிவப்பாகக் கிடந்தன. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பையன் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்து வந்தான்.

என் உடம்பு ஏற்கெனவே பழகிவிட்டது, இனி அந்த ஊசியால் பலனில்லை என்றார் டாக்டர். மகள் எட்டாம் மாதத்தில் பிறந்தாள். மஞ்சள் காமாலை உச்சத்தில் இருந்தது. அவள் உடம்பு ரத்தத்தை எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்றினார்கள். உயிர் நின்றது. காது நிற்கவில்லை. ஒன்றரை வயதில், பின்னால் தட்டு விழுந்தபோது அவள் திரும்பவில்லை. காமாலை காது நரம்பைக் கெடுத்துவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

"எல்லாம் அவ தலையெழுத்து" என்றார் என் மாமியார்.

"தலையெழுத்து இல்ல அத்த. என் கையெழுத்து. வேணும்னா நோட்டக் காட்டுதேன்" என்றேன். அன்றைக்கு அவர் என்னைப் பார்த்துப் பயந்தார். எனக்கே பயமாகத்தான் இருந்தது.

இன்னொன்று இருக்கிறது. சொல்லாமல் விட்டுவிடத்தான் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆற்றங்கரை ஊர் ஒன்றில் இப்போதும் நான் வேலை பார்க்கிற இதே பள்ளியில், நானும் போர்டில் எழுதிப்போட்டேன். அக்காவின் நோட்டு வேண்டியிருக்கவில்லை. என் நோட்டே போதுமாக இருந்தது. பிள்ளைகளைக் குத்தினால் பெற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று குத்தவும் இல்லை. முப்பத்தெட்டுப் பிள்ளைகள். பி பாசிட்டிவ், சிவப்பு டிக், என் கையெழுத்து. எங்கள் டீச்சரைத் திட்டும்போதெல்லாம் கடைசியில் நான் திட்டுவது என்னைத்தான்.

மகளுக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்த பிறகு அந்த வருடத்து வருகைப் பதிவேட்டைத் தேடி எடுத்து, ஒவ்வொரு பிள்ளையாகப் பேசினேன். சிலர் சிரித்தார்கள். சிலர் "அத அப்பவே மறந்துட்டேன் டீச்சர்" என்றார்கள். மூன்று பேர் அட்டையில் இன்னமும் பி பாசிட்டிவ் என்றே வைத்திருந்தார்கள். அவர்களைத் திட்டிச் சோதனைக்கு அனுப்பினேன். ஒருத்தி மட்டும் அகப்படவில்லை. அவள் போன் எண் என்றைக்கோ வேறு யாருக்கோ போய்விட்டது.

இந்த வருடம் செய்முறைத் தேர்வுக்கு முன்னால் திருப்புதல் நடத்திக்கொண்டிருந்தேன். பெற்றவர்களிடம் கையெழுத்து வாங்கி, ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஆளை வரவழைத்து, பிள்ளைக்கு ஓர் ஊசியாகக் குத்தச் சொல்லி, அவரவர் ஓட்டில் கண்டதை அவரவர் எழுத வைத்திருந்தேன். தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் என் பிள்ளைகளின் ரெக்கார்டு அடுக்கி இருந்தது.

"என்ன டீச்சர், ஆளுக்கொண்ணு எழுதி வச்சிருக்கு? எக்ஸ்டர்னல் வந்தா என்ன நினைப்பாரு? எல்லாத்துக்கும் ஒண்ணு போல மாத்திருங்க."

"ரத்தம் ஆளுக்கு ஆள் மாறத்தான் சார் செய்யும்."

"பரீட்சைக்குத்தான டீச்சர். ஆஸ்பத்திரிக்கா குடுக்கப் போறோம்?"

"நாளைக்கு என் மகளக் கூட்டிட்டு வாரேன் சார். இத அவகிட்ட சொல்லுங்க. ஆனா பையச் சொன்னாக் கேக்காது. கத்திச் சொல்லணும்."

அவர் முகம் சுருங்கியது. பிறகு, அவருக்கும் கோபம்தான், "நீங்க மட்டும் என்ன? வந்த புதுசுல நீங்களும் போர்டுல எழுதிப்போட்டவங்கதான" என்றார்.

"ஆமா சார்" என்றேன். கைப்பையிலிருந்து பெயர்ப் பட்டியலை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். முப்பத்தேழு பெயருக்கு எதிரே டிக். ஒன்றுக்கு இல்லை. "இந்தப் பிள்ளய மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. அப்புறம் ரெக்கார்டப் பத்திப் பேசலாம்."

அவர் பட்டியலைப் பார்த்தார். மணியடித்து எழுத்தரைக் கூப்பிட்டு அந்த வருடத்துச் சேர்க்கை விண்ணப்பக் கட்டை எடுத்துவரச் சொன்னார். எனக்கு ஒருபோதும் காட்டாத கட்டு அது. அவள் விண்ணப்பத்தில் மாமா வீட்டு எண் ஒன்று இருந்தது. அவரே தன் செல்போனில் அடித்து, நானும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார். யாரோ எடுத்து, நம்பர் கொடுத்து, அந்த நம்பரில் அவளுடைய அம்மா பேசினார். பள்ளிக்கூடத்திலிருந்து என்றதும் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"அவ நல்லாருக்கா சார். சாத்தான்குளத்துல கட்டிக் குடுத்திருக்கு. போன வருசம் ஒண்ணு தங்காமப் போச்சு. இப்ப மறுபடியும் ரெண்டு மாசம்."

நான் முன்னால் குனிந்தேன். "அம்மா, அவளுக்கு ரத்தம் டெஸ்ட் எடுத்தாங்களா? என்ன குரூப்புன்னு பாத்தாங்களா?"

"அதெல்லாம் வேண்டாம்னுட்டாளே. பி பாசிட்டிவ்னு அவளே சொல்லிட்டா. பள்ளிக்கூடத்துல எங்க டீச்சர் பாத்துச் சொன்னது, தப்பாதுன்னா. அந்த டீச்சர்னா அவளுக்கு உசுரு. இது யாரு பேசுறது?"

தலைமையாசிரியர் என்னைப் பார்க்காமல் ரெக்கார்டு அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த டீச்சர்தாம்மா பேசுதேன்" என்றேன். "நான் பாக்கவே இல்ல. அவளுக்கு நான் பாக்கவே இல்ல."