வெடித்த சுவரின் விலை

வட இத்தாலியில் இருக்கும் ஒரு சான்ட்விச் கம்பனியின் பெயரில், சிசிலியின் பலெர்மோ நகரில், கால்சா என்ற பழைய பகுதியில், கடை திறப்பதென்று நானும் கணவரும் இருந்த வேலைகளையும் விட்டுவிட்டோம். கடை எப்படி இருக்க வேண்டுமென்று கம்பனி ஒரு தடித்த புத்தகம் தந்தது. பெயிண்ட் உரிந்த கதிரை, உரியாத கதிரையை விட இரண்டு மடங்கு விலை. துருப்பிடித்த விளக்கு அதைவிடக் கூட. அந்த அலங்காரத்துக்குப் பெயர் ‘பழைய சிசிலி’. பழைய சிசிலி எங்கள் தெரு முழுக்கச் சும்மா கிடந்தது. ஆனால் கம்பனியிடம்தான் வாங்க வேண்டுமாம்.

சுவர் மட்டும் இலவசம். நாங்கள் எடுத்த இடத்தின் பின்சுவர் வெடித்துக் காரை உதிர்ந்து நின்றது. டிசைன் பார்க்க வந்த கம்பனிப் பெண் அதில் சொக்கிப்போய், அப்படியே விடுங்கள் என்றாள். இதை அண்ணனிடம் சொல்லாமல் விட்டது என் பிழை.

அண்ணன் வன்னியில் மேசனாக இருந்தவர். இங்கே மொண்டெல்லோ கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறார். லீவு நாளில் கடைக் கதவின் திறப்பை என்னிடம் வாங்கிக்கொண்டு போய், சுவர் முழுவதையும் பூசி மினுக்கிவிட்டார்.

“பார் தங்கச்சி, ஒரு வெடிப்பு இருக்கோ?”

“அண்ணை, அந்த வெடிப்பைப் பாத்துத்தான் கம்பனிக்காரர் ஓம் எண்டவை.”

“வெடிப்புக்கோ? உங்களுக்கென்ன விசரோ?”

வெடித்த சுவர் போலவே செய்து கம்பனி விற்கும் பலகையை வாங்கினால் அடுப்புக்குக் காசு மிஞ்சாது. சுவர் சரியில்லையென்றால் கடை திறக்க அனுமதி இல்லை. அந்தப் பெண் திங்கட்கிழமை திரும்பி வருகிறாள். உடைத்துத் தரும்படி அண்ணனைக் கெஞ்சினேன்.

“எனக்குப் பூசத்தான் தெரியும்,” என்று வெளியே போய்விட்டார்.

கோபத்தில் நானே சுத்தியலைத் தூக்கினேன். நாலு அடிதான். அண்ணன் உள்ளே ஓடிவந்தார்.

“உதென்ன, மரங்கொத்தி கொத்தின மாதிரி? சுவர் உப்பிடி வெடிக்காது. தள்ளு!” சுத்தியலைப் பறித்தார். “யன்னல் மூலையிலைதான் தொடங்கும். பிறகு சரிஞ்சு கீழை வரும். இஞ்சை காரை பாளமா விழும். அங்கை கல்லுத் தெரியும்.”

அண்ணன் ஓரிடத்திலும் நின்று யோசிக்கவில்லை. பாதியில்தான் எனக்கு விளங்கியது. அது ஷெல் விழுந்த பிறகு நாங்கள் விட்டுவிட்டு வந்த எங்கள் வீட்டுச் சுவர். அண்ணன் தலை முழுக்கத் தூசியோடு, இன்னும் என்னைத் திட்டிக்கொண்டே இடித்தார்.

திங்கட்கிழமை அந்தப் பெண் சுவரைத் தடவிப் பார்த்தாள். இதுதான் அசல் சிசிலி என்றாள். அங்கேயே கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டு, கம்பனிப் புத்தகத்துக்கென்று படமும் எடுத்தாள்.

“என்னவாம்?” என்றார் அண்ணன்.

“நல்லா இருக்காம். இனி மற்றக் கடையளிலையும் இதைப் பாத்துத்தான் இடிக்கப்போகினமாம்.”

அண்ணன் நிலத்தில் கிடந்த காரைத் துண்டொன்றைப் பொறுக்கினார்.

“இடிக்கட்டும்,” என்றார். “ஆனா உள்ளுக்கை ஆக்கள் இல்லாத நேரமாப் பாத்து இடிக்கச் சொல்லு.”