பஞ்சத்துக்கு முந்தின சவரம்

சந்தைத் தெருக் கோடியில் ஒற்றை நாற்காலி போட்டு முடிதிருத்தும் கடை நடத்துகிறவரை எல்லாரும் ரேடியோ என்றே கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று உண்டு. அது மின்கட்டண அட்டைக்கு மட்டும் பயன்படும். கத்தரிக்கோல் திறந்தால் அவர் வாயும் திறக்கும். கத்தரிக்கோல் மூடினாலும் வாய் மூடாது. தலையை ஒப்புக்கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர் பாதிக் கிராப்போடு எழுந்து ஓடவா முடியும்?

அவர் பொய் சொல்லுகிறவர் இல்லை. கேட்டதை அப்படியே சொன்னால் சப்பென்று இருக்குமே என்று துளி காரம் சேர்ப்பார், அவ்வளவுதான்.

ஒருநாள் வங்கிக் குமாஸ்தா ஒருவர் வந்து உட்கார்ந்தார். சட்டை எடுக்கப் போய், விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிய கடுப்பு அவருக்கு. "இப்படியே போனா நோட்டை வெச்சு அடுப்பு மூட்ட வேண்டியதுதான்" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். அடுத்து வந்தவரிடம் ரேடியோ, "பேங்க்காரங்களே சொல்லிட்டாங்க, நோட்டு இனிமே அடுப்புக்குத்தானாம்" என்றார். அதற்கடுத்த தலைக்கு, "அவங்க மேனேஜர் கமுக்கமா ரெண்டு ஆடு வாங்கிக் கட்டியிருக்காராம்" என்பதும் சேர்ந்துகொண்டது. ஆடு எங்கிருந்து வந்தது என்றால் அவருக்கே தெரியாது. காதோரம் வழிக்கும்போது தானாக வந்தது.

அந்த வாரக் கடைசியில் மீன்காரர் சவரத்துக்கு வந்தவர், குரலைத் தாழ்த்தி, "காசு செல்லாமப் போகப்போகுதாம். பெரிய இடத்துச் சேதி" என்றார். மருந்துக்கடைக்காரரும் அதையே சொன்னார். ரேடியோ கணக்குப் போட்டார். பேங்க்காரரிடம் தான் கேட்டதையே நாலு வாய் சொல்லுகிறது என்றால் அது உறுதியான சேதிதானே! ஊரெல்லாம் சுற்றிவிட்டு மீசை முளைத்து வீடு திரும்பிய பிள்ளையைப் பெற்றவருக்கே அடையாளம் தெரியவில்லை.

காசு செல்லாமல் போனால் அடுத்தது பஞ்சம்தான் என்று, அன்று முதல் வீட்டுக்குச் சாமான் வர ஆரம்பித்தது. உப்பு மூட்டை, சர்க்கரை மூட்டை, தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, பெட்டி பெட்டியாகச் சோப்பு. இருந்ததே இரண்டு அறை. கட்டிலுக்கு அடியில் உப்பும், பரணில் மெழுகுவர்த்தியும், சர்க்கரையும் சோப்பும் ஒரே மூலையிலுமாகக் குடியேறின. கல்லூரியில் படிக்கிற மகள் தீப்பெட்டிக் கட்டின் மேல் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தாள். மழை பிடித்ததும் உப்பு வியர்த்துத் தரையெல்லாம் ஈரம்.

"அப்பா, டீ சோப்பு மணக்குது" என்றாள் மகள்.

"பஞ்ச காலத்துல மணக்கிற டீ கிடைக்கிறதே பெரிசு, குடி."

அவர் மனைவி துணி ஆலையில் பொத்தான் பிரிவில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க நாலு துளைகளுக்குள் நூல் போவதைச் சோதிக்கிறவள் கண்ணுக்கு ஓட்டை எதுவும் தப்பாது. ரேடியோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நாள்ல நம்ம வீட்டுலகூடப் பணம் செல்லாது, தெரிஞ்சுக்கோ" என்று அறிவித்தபோது, அவள் ஈரத் தரையைத் துடைத்தபடியே கேட்டாள்:

"என் கைக்கு வந்து என்னிக்குங்க செல்லுச்சு?"

அதுவரை எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. கையிலிருந்ததெல்லாம் சாமானாக மாறி, எண்ணெய் டின்னுக்கு மட்டும் வழியில்லாமல் நின்றபோதுதான் அவர் பார்வை கடை நாற்காலி மேல் விழுந்தது. வார்ப்பிரும்புக் கால், பீங்கான் கைப்பிடி, ஏற்றி இறக்கிச் சாய்க்கிற விசை. வேறொருவர் கடையில் பல வருஷம் நின்றே வேலை பார்த்துவிட்டுத் தன் கடைக்கென்று வாங்கிய முதல் பொருள் அது. அதை நம்பித்தான் தெருவே அங்கே வந்தது. எதிர்க்கடையில் பிளாஸ்டிக் நாற்காலி. அதில் சாய்ந்தால் ஆள் கவிழ்ந்துவிடுவார்.

"பழைய இரும்புக்காரர்கிட்டப் பேசிட்டேன். நாளைக்கு வண்டியோட வரார்" என்றார் ரேடியோ.

மனைவியின் கைத் துணி நின்றது. "நாற்காலியையா?"

"பஞ்சத்துல எவன் முடி வெட்டிக்குவான்?"

"பஞ்சம் வந்தா முடி வளர்றது நின்னுடுமா? இதோ பாருங்க, அந்த ஒரு நாற்காலியிலதான் நாம மூணு பேரும் உக்காந்து சாப்பிடுறோம். அது போச்சுன்னா இந்த உப்பை நக்கிட்டு எத்தனை நாளைக்கு இருப்பீங்க?"

"உனக்கு உலகம் தெரியாது."

"எனக்கு உங்களைத் தெரியுமே, அது போதாதா?"

மறுநாள் பழைய இரும்புக்காரர் தள்ளுவண்டியோடு வந்து சேர்ந்தார். நாற்காலியைத் தட்டிப் பார்த்தார், சுழற்றிப் பார்த்தார், கடைசியில் ஏறி உட்கார்ந்தார். "அண்ணே, எடுத்துட்டுப் போறதுக்கு முன்னால ஒரு சவரம். நாளைக்கு இதுல யார் உக்காரப் போறா?"

ரேடியோ நுரை பூசினார். ஒரு கன்னம் வழித்து முடிந்தபோது இரும்புக்காரர் சொன்னார்: "நீங்க பண்றது கெட்டிக்காரத்தனம்ணே. பேங்க் மேனேஜரே அஞ்சு ஆடு வாங்கிட்டாராமே. பால் கறக்க ஆளும் வெச்சிருக்காராம்."

கத்தி அந்தரத்தில் நின்றது.

"ஆடா?"

"ஆமாண்ணே. மொதல்ல ரெண்டுதான் வாங்கினாராம்."

"யாரு சொன்னது?"

"மீன்காரர். அவருக்கு மருந்துக்கடைக்காரர் சொன்னாராம். அவர் எங்கியோ முடி வெட்டிக்கப் போன இடத்துல கேட்டாராம்."

ரேடியோ கண்ணாடியைப் பார்த்தார். அதில் ஒரு பாதி வெள்ளை முகமும், அதன் பின்னால் முழுசாக வெளுத்த முகமும் தெரிந்தன. காசு செல்லாது என்று வங்கி சொல்லலாம், சந்தை சொல்லலாம். ஆட்டை எவன் சொல்லியிருக்க முடியும்? அந்த ஆடு அவர் வாயில் பிறந்தது. அதை நம்பித்தான் மூட்டை மூட்டையாக உப்பு வாங்கினார். அதை நம்பித்தான் இப்போது நாற்காலியும் போகப் போகிறது.

"தம்பி, நாற்காலி விக்கலை" என்றார்.

"என்னண்ணே, நேத்துப் பேசின பேச்சு?"

"அது தப்பு. பஞ்சமும் வரலை, ஒண்ணும் வரலை. அந்த ஆடு நான் விட்ட ஆடு. சும்மா பேச்சுக்குச் சொன்னேன். அது ஊரெல்லாம் மேஞ்சுட்டு என்கிட்டயே திரும்பி வந்திருக்கு."

நாற்பது வருஷ வாழ்க்கையில் ரேடியோ துளிக் காரமும் சேர்க்காமல் சொன்ன முதல் சேதி அதுதான். இரும்புக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு பக்கக் கன்னத்தால் சிரித்தார். மறுபக்கம் நுரையில் இருந்தது.

"புரிஞ்சுபோச்சுண்ணே. இரும்பு விலை ஏறப்போகுது. யாரோ உங்க காதுல போட்டுட்டாங்க."

"சத்தியமா இல்லப்பா."

"சத்தியம் வேற பண்றீங்க. அப்போ பயங்கரமா ஏறும்போல." அவர் அவசரமாகத் தலையைச் சாய்த்தார். "மிச்சத்தைச் சட்டுனு வழிங்க. கடையில என் பையன் இருக்கிற இரும்பையெல்லாம் எவனுக்காவது எடை போட்டுடப் போறான்."

வழித்து முடித்ததும் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறக்குறைய ஓடினார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார் ரேடியோ. மகள் சிரித்துச் சிரித்துத் தீப்பெட்டிக் கட்டிலிருந்து சரிந்தாள். மனைவி சிரிக்கவில்லை. "நாற்காலி கடையிலதானே இருக்கு?" என்று ஒரே கேள்வி கேட்டாள். இருக்கிறது என்றதும் போய்ச் சோப்பு மணக்கும் டீ ஒன்று போட்டுவந்து நீட்டினாள். "குடிங்க. மூட்டை தீர்ற வரைக்கும் உங்களுக்கு இதுதான். நாளையிலேருந்து கடையில கத்தரி மட்டும் பேசட்டும்."

மறுநாள் முதல் ஆளாகத் தையல்காரர் வந்து உட்கார்ந்து, துணியைக் கழுத்தில் கட்டும் முன்பே கேட்டார்: "என்னங்க ரேடியோ, இரும்பு விலை ஏறப்போகுதாமே?"

ரேடியோவின் நாக்கு கொசு கடித்தாற்போல் அரித்தது. சொல்ல எவ்வளவோ இருந்தது. விசையை மிதித்து நாற்காலியை உயர்த்தினார்.

"தலையைக் கொஞ்சம் குனிங்க."

தையல்காரர் குனிந்தார். கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது. தையல்காரர் கண்ணாடியில் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்களே வாயத் திறக்கலைன்னா," என்றார், "அப்போ நிஜந்தான்."