நான் ஏறாத பினாங்குக் கப்பல்

ஐம்பதுகளின் தொடக்கம். சென்னையில் டிராம் ஓடிக்கொண்டிருந்த கடைசிக் காலம். நான் பினாங்கிலிருந்து எம்.ஏ. படிக்க வந்து, ராயபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தேன்.

முகம் தமிழ், பேச்சு தமிழ், சாமிகூட இதே சாமிதான். ஆனாலும் கல்லூரியில் நான் 'ஃபாரின் ஸ்டூடன்ட்', தெருவில் 'பினாங்கு'. வந்த புதிதில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள எங்கள் ஊர் மிளகாய்ச் சம்பல் இல்லையா என்று கேட்டுத் தொலைத்துவிட்டேன். பிடித்துக்கொண்டார்கள். மீன் விற்கும் பெண்கள்கூட, "இன்னா பினாங்கு, சம்பல் கெட்ச்சுதா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். வெளிநாட்டில் படிக்கிற பையனுக்கு முதலில் வரும் பாடம் அதுதான், சிரித்துவைப்பது.

கீழ் வீட்டில் வீட்டுக்காரர் குடும்பம். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். அவர் மனைவி, ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. அவ்வளவுதான். நான் அவரை 'அண்ணாத்தே' என்பேன், அந்த அம்மாளை 'அக்கா' என்பேன். இரண்டு வேளைச் சாப்பாடும் அவர்கள் கூடத்தில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பாசஞ்சர் ரயில் பிடித்து எண்ணூருக்குப் போவோம். அக்கா புளிச்சோறு கட்டிக்கொண்டு வருவாள். கழிமுகத்தில் அண்ணாத்தே நண்டு பிடிக்க இறங்குவார்; குழந்தை என் தோளில் உட்கார்ந்துகொண்டு அவருக்கு வழி சொல்லும். திரும்பும்போது திருவொற்றியூரில் இறங்கிக் கோயிலுக்கும் போய்விட்டு வருவோம். ஊரை விட்டு வந்த எனக்கு அது பெரிய விஷயம். எனக்கும் இங்கே ஒரு குடும்பம் இருக்கிறது என்று அப்பாவுக்கு எழுதினேன். அதை நம்பியும் இருந்தேன்.

இரண்டாம் வருஷம், வெயில் ஏறத் தொடங்கிய மாதம். திடீரென்று அந்த வீட்டில் மீன் சமைப்பது நின்றது. ராயபுரத்தில் மீன் இல்லாத சாப்பாடா என்று கேட்டேன். வேண்டுதல் என்றாள் அக்கா. குழம்பில் தாளிப்பு இல்லை. அண்ணாத்தே முகச்சவரம் செய்துகொள்ளவில்லை. அதுவும் வேண்டுதலில் சேர்த்தி என்று நானே நினைத்துக்கொண்டேன். குழந்தை எங்கே என்றதற்கு, கொருக்குப்பேட்டையில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கிறது என்றார்கள். உள்ளறைத் திரைக்குப் பின்னால் ஓரிரு தடவை இருமல் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடித்தனம். அங்கே யாரோ இருமுகிறார்கள் என்று விட்டுவிட்டேன். அக்கா எப்போதும்போலக் கூடத்தில் உட்காரவைத்துத்தான் பரிமாறினாள்.

அப்போதுதான் பினாங்கிலிருந்து தந்தி வந்தது. அப்பாவுக்கு மாரடைப்பு, உடனே புறப்படு என்று. விமானத்தில் போகிற வசதி எங்களுக்கு இல்லை. நல்லவேளையாக அந்த வாரமே கப்பல் இருந்தது. அதை விட்டால் அடுத்ததற்குப் பல நாள் காத்திருக்க வேண்டும். டெக்கில்தான் இடம் கிடைத்தது. அதை வாங்கிக்கொடுக்க அண்ணாத்தே வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுக் கப்பல் கம்பெனிக்கும் துறைமுகத்துக்குமாக அலைந்தார். அதைத்தான் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அலையாமல் சும்மா இருந்திருந்தால் அவரை வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

கப்பல் புறப்படும் நாள் காலையில் உடம்பு கொஞ்சம் கணகணவென்று இருந்தது. தூக்கமில்லாத சூடு என்று நினைத்தேன். துறைமுகக் கொட்டகையில் டெக் பிரயாணிகளை வரிசையாக நிறுத்தி டாக்டர் பார்ப்பார். அந்த வருஷம் ஊரில் பெரியம்மை இருந்ததால் சோதனை கெடுபிடி. சட்டையைக் கழற்றச் சொன்னார். முதுகைப் பார்த்தவர் அங்கேயே நின்றுவிட்டார். இரண்டு மூன்று நீர்க்கொப்புளம் இருந்திருக்கிறது. நான் கண்டேனா?

வீட்டில் யாருக்காவது அம்மை போட்டிருக்கிறதா என்று கேட்டார். இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். எங்கள் பினாங்குத் தெருவிலும் மாரியம்மன் கோயில் உண்டு. அம்மை வந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருக்கும் என்பது எனக்கும் தெரியும். எங்கள் வாசலில் ஒரு இலைகூட இல்லை என்று அவரிடம் வாதாடினேன். சின்னம்மைதான், ஆனால் கப்பலில் ஏற்ற முடியாது என்றார் அவர். அம்மை குத்திய அத்தாட்சியை நீட்டினேன். இது பெரியம்மைக்குத்தான் என்று திருப்பித் தந்தார். என் அப்பா சாகக் கிடக்கிறார் என்றேன். அவர் என்னைத் தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி, என் விலாசத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வழியனுப்ப வந்த அண்ணாத்தே நின்றிருந்தார். என்னைப் பெட்டியோடு பார்த்ததும் என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று எனக்கு அந்த நிமிஷமே உறைத்தது. ரிக்‌ஷாவில் வீடு வந்து சேர்ந்தோம்.

புறக்கடை வழியாக என்னை உள்ளே கூட்டிப்போனார். அக்கா என் முகத்தைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். அழுகைச் சத்தம் கேட்டு உள்ளறைத் திரை விலகியது. குழந்தை எட்டிப் பார்த்தது. முகமெல்லாம் ஆறிவரும் தழும்பு. அதன் தலைக்கு மேலே, திரைக்கு உள்பக்கமாக நிலைச்சட்டத்தில், கொத்தாக வேப்பிலை. வாசலில் கட்ட வேண்டியதை உள்ளே, என் கண்ணுக்குப் படாத இடத்தில் கட்டியிருந்தார்கள். கொருக்குப்பேட்டையாவது, பெரியம்மாவாவது. நான் சாப்பிட்ட கூடத்துக்கும் அது படுத்திருந்த பாய்க்கும் நடுவில் ஒரு திரைதான் இருந்திருக்கிறது.

"ஏன் அக்கா என்கிட்ட சொல்லலை?" என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"மொதக் கொயந்தைக்கு ஆத்தா வந்தப்போ கார்ப்பரேசன்காரங்க வந்து வண்டில தூக்கினு பூட்டாங்க தம்பி. பொணமாத்தான் குட்தாங்க. இதையும் தூக்கினு பூடுவாங்கன்னு பயந்துகினு இருந்தோம். நீ படிச்சவன், வெளிதேசத்து ஆளு. நல்லதுன்னு நெனச்சிகினு நீயே போய் சொல்லிட்டீன்னா?"

அவர்களுக்கு இதற்கு முன்னால் ஒரு குழந்தை இருந்து செத்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இரண்டு வருஷம் ஒரே கூடத்தில் சாப்பிட்டிருக்கிறேன். முதல் நாளே சொல்லியிருந்தால் யாரிடமும் வாய் திறக்காமல் ஒரு நண்பன் அறைக்குப் போய் இருந்திருப்பேன். இந்நேரம் கப்பலில் இருந்திருப்பேன். அதைச் சொல்லத்தான் வாய் வந்தது. அந்தக் குழந்தை வேறு என்னைப் பார்த்துச் சிரித்தது. அதன்மேலும் எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன்.

பிற்பகல் கப்பல் சங்கு ஊதியது. மாடியில் பாயில் படுத்தபடியே கேட்டேன்.

மறுநாள் காலையில் சுகாதார இலாகா ஆள் விலாசத்தைக் கேட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டான். மாடி ஜன்னல் வழியாக எல்லாம் எனக்குக் கேட்டது. அந்தப் பையன் நேற்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான் என்றாள் அக்கா. வந்தவன் நம்பாமல், மேலே போய்ப் பார்க்கிறேன் என்றான். அவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க வூட்டுப் புள்ள சார் அது. வூட்ல வெச்சிகினு இல்லேன்னு சொல்லுவனா?"

அவன் போய்விட்டான். அன்றுமுதல் அக்கா என்னை ஒரு குறையுமில்லாமல் பார்த்துக்கொண்டாள். வேப்பிலையால் தடவிக்கொடுத்தாள். கேழ்வரகுக் கூழும் இளநீரும் கொடுத்தாள். அம்மை இறங்கியதும் மூன்று தடவை தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். அண்ணாத்தே மட்டும் மாடி ஏறி வரவேயில்லை. நான் அக்காவிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை.

கப்பல் பினாங்கு சேர்ந்து நாலைந்து நாள் அப்பா உயிரோடு இருந்திருக்கிறார். நான் வரவில்லை என்ற தந்தி போய்ச் சேர்ந்திருந்தும், அம்மா அதை அவரிடம் சொல்லவில்லை. கப்பல் வந்துவிட்டதா என்று கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தாராம். பின்னால் ஊருக்குப் போனபோது அம்மா இதைச் சொன்னாள். நான் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டேன்.

படிப்பு முடிவதற்குள் ஹாஸ்டலுக்கு மாறிவிட்டேன். ராயபுரம் பக்கம் அப்புறம் போகவில்லை. அவர்களைக் கெட்டவர்கள் என்று என்னால் சொல்ல முடியாது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் பயம் எப்படியிருக்கும் என்று, எனக்கும் குழந்தைகள் பிறந்த பிறகு புரிந்தது. புரிந்ததால் மனசு ஆறிவிடுமா? தன் பெண்ணை என்னிடமிருந்து ஒளித்த அதே அக்காதான், என்னைச் சர்க்காரிடமிருந்து ஒளித்தாள். அந்த வீட்டுப் பிள்ளை என்ற இடம் எனக்கு ஒருவழியாகக் கிடைத்தது, கப்பல் போன மறுநாள்.