நாலாம் நாள் பரீட்சை

2013 செப்டெம்பர் பதினோராம் திகதி, புதன்கிழமை காலை, பாரிஸுக்கு அருகே கார்ஜ் லே கொனெஸின் மூன்றாம் மாடி வீடொன்றில் கோசலையின் மகள் பூரணி வயதுக்கு வந்து பெரியபிள்ளையானாள். வயது பத்தரை. சனிக்கிழமை அவளுக்கு இங்கிலாந்தில் பரீட்சை இருந்தது.

கோசலை பாரிஸில் அலுவலகங்களைத் துப்புரவு செய்பவள். பதினொரு வருடத்தில் ஒரு நாளும் வேலைக்குப் பிந்தியதில்லை. எதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு, ஒன்றைத் தவறவிட்டால் மற்றதெல்லாம் தவறிப்போகும் என்று நம்புகிறவள். கணவர் இராஜேந்திரன் ரூ லூயி-பிளாங்கில் ஓர் உணவகத்தில் சமையல். அவருடைய தங்கை துஷாந்தி இங்கிலாந்தில் இருந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னது அவள்தான். பெண்பிள்ளைகள் மட்டும் படிக்கும் அரசாங்கப் பள்ளி, கட்டணம் கிடையாது. ஆனால் நூற்றிருபது இடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பரீட்சை எழுதுவார்கள். பூரணி தேறினால் குடும்பமே அங்கே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். மாமி அனுப்பிய ஆங்கிலத் தாள்களையும் கணக்குத் தாள்களையும் பூரணி இரண்டு வருடமாக ஒவ்வொரு மாலையும் செய்துவந்தாள்.

புதன்கிழமை பகலே கோசலை மகளுக்குத் தண்ணீர் வார்த்து, பின்னறையில் இருத்தினாள். பதினோராம் நாள் தீட்டு என்கிற துடக்குக் கழியும்வரை வெளியே வரக்கூடாது. செய்தி கேட்டதும் துஷாந்தி தொலைபேசியில் வந்தாள்.

"சந்தோசம், மச்சாள். வெள்ளிக்கிழமை எத்தினை மணிக்கு வாறியள்?"

"என்னெண்டு வாறது? துடக்கோடை பிள்ளையைக் கடல் கடத்தச் சொல்லுறியே?"

"உங்களுக்கு விசரே? சோதினை எழுதுறது கையாலை, மச்சாள்."

"பிறகு எழுதலாம்தானே. காய்ச்சல், வருத்தமெண்டு கடிதம் குடுப்பம்."

இராஜேந்திரன் ஒருமுறை வாயைத் திறந்தார். "இதுகள் உங்கடை விசயம். நீங்களே பாத்துச் செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

கோசலை பிடிவாதத்தால் அப்படிச் செய்யவில்லை. யாழ்ப்பாணத்தில் அவளையும் இப்படித்தான் வைத்திருந்தார்கள். அவளுக்குத் தவறியது ஒரு தவணைப் பரீட்சை. அடுத்த தவணை அது மறுபடி வந்தது. தவறிய பரீட்சை திரும்ப வரும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கப் போகும்போது, மகள் மடியில் தாளை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதைக் கண்டாள். சனிக்கிழமை காலையும் போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தக் கடிதத்துக்குத் திங்கட்கிழமை பள்ளியிலிருந்து பதில் வந்தது. அன்று நோயுற்றிருந்தவர்களுக்கு மட்டும் இருபத்தெட்டாம் திகதி ஒரு பரீட்சை உண்டு, மருத்துவரின் சான்றிதழ் வேண்டும். கார்ஜில் அவர்களுடைய மருத்துவர் கோசலை சொன்னதை முழுவதும் கேட்டார். "பிள்ளை சுகமாகத்தானே இருக்கிறாள், மதாம். நான் எதை எழுதுவது?" என்றார்.

துடக்குக் கழிந்ததும் கோசலை சாமத்தியச் சடங்குக்கு மண்டபம் பிடித்து, அழைப்புக் கார்டும் கொடுத்து முடித்தாள். பிறகு, நேரில் போய்க் கேட்டால் இரங்குவார்கள் என்று மகளையும் கூட்டிக்கொண்டு இங்கிலாந்துக்குப் பஸ் ஏறினாள். "காய்ச்சல் எண்டு சொல்லு" என்று வழியில் இரண்டு தரம் சொல்லிக்கொடுத்தாள்.

பள்ளிக் கட்டடங்களுக்குள் கோசலை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நீச்சல் குளத்தில் பிள்ளைகள் வரிசையாகக் குதித்தார்கள். நூலகம் இரண்டு மாடியில் இருந்தது. ஆய்வுகூடத்தில் ஒவ்வொரு மேசைக்கும் தனித் தண்ணீர்க் குழாய், தனி எரிவாயுக் குழாய். பியானோவுக்கு மட்டும் ஆறு அறைகள். மற்றவர்களின் தரையைத் துடைத்துப் பழகிய கண்ணால் மூலைகளைப் பார்த்தாள். ஒரு மூலையிலும் தூசு இல்லை. இது எல்லாம் இலவசம் என்பதை அவளால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி பூரணியிடம் அன்பாக ஏதோ கேட்டார். பூரணி தாயைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் நாலைந்து வசனம் பேசினாள். பெண்மணி எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"என்னடி சொன்னனீ?"

"நடந்ததைச் சொன்னன்."

பெண்மணி உள்ளே போய் அதிபரிடம் கேட்டுவிட்டு வந்து மெதுவாகப் பேசினார். கோசலைக்கு அதைத் தமிழில் சொல்ல அங்கே மகளைவிட வேறு ஆள் இல்லை.

"ஏலாதாம். அந்தச் சோதினை வருத்தக்காரருக்கு மட்டும்தானாம். இது வருத்தமில்லையாம்."

"கொஞ்சம் இரங்கச் சொல்லிக் கேளடி."

"கேட்டனான். இஞ்சை எண்ணூற்றைம்பது பொம்பிளைப்பிள்ளையள் படிக்கினமாம். எல்லா மாடியிலையும் கழிப்பறைக்குள்ளை அதுக்கு வேண்டிய சாமான் சும்மா வைச்சிருக்காம். சோதினைக்கு நடுவிலை எழும்பிப் போகவும் விடுவினமாம். இதுக்காண்டி ஒருத்தரும் வராமல் விட்டதைத் தான் காணேல்லையாம்." பூரணி நிறுத்தினாள். "வீட்டிலை இருந்த அவ்வளவு நாளும் என்ன செய்தனீ எண்டு கேக்கிறா."

"என்ன சொன்னனீ?"

"இன்னும் சொல்லேல்லை. என்ன சொல்ல, அம்மா?"

பெண்மணி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பூரணிக்கு முன்னால் ஒரு குவளை தண்ணீர் வைத்தார்.

பாரிஸுக்குத் திரும்பிய மறுநாள் கோசலை மண்டபக்காரருக்குத் தொலைபேசியில் சொல்லிச் சாமத்தியச் சடங்கை நிறுத்தினாள். இராஜேந்திரன் திகைத்துப் போனார். "கார்ட் முழுக்கக் குடுத்தாச்சு. சனத்துக்கு என்ன சொல்லுறது?"

"நான் குடுத்தனான். நானே போய்ச் சொல்லுறன்."

சனிக்கிழமை பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் கடை கடையாக ஏறினாள். இன்ன காரணம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், யாரும் துருவிக் கேட்டிருக்க மாட்டார்கள். அவள் சொல்லவில்லை. ரூ பஜோலில் தையல்கடை வைத்திருக்கும் இம்மாகுலேற், பூரணியின் சட்டைக்கு மணி கோத்துக்கொண்டிருந்தாள்.

"சடங்கு இல்லை, அக்கா. அந்தச் சட்டையை விடுங்கோ."

"ஏன் பிள்ளை, செத்தவீடே? ஆரும் மோசம் போட்டினமே?"

"இல்லை. சோதினை நாளிலை பிள்ளையை அறைக்குள்ளை வைச்சிருந்தனான். அவளுக்குப் பள்ளிக்கூடம் கிடைக்காமல் போட்டுது. அதைச் செய்துபோட்டு என்னெண்டு மேடை போட்டு அவளை இருத்துறது?"

இம்மாகுலேற்றின் கையில் ஊசி அப்படியே நின்றது. கடைக்குள் துணி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோசலை அவர்களிடமும் போனாள். அவர்களுக்கும் கார்ட் கொடுத்திருந்தாள்.