மல்லிகா அக்கா பின்னாத சடை

செவ்வாய்க்கிழமை காலை, பிஸ்கட்டவே ஊரில் உள்ள என் அலுவலகத்தில் ஒரு மீட்டிங்கில் இருந்தபோது காவ்யாவிடமிருந்து அழைப்பு வந்தது. மல்லிகா அக்காவின் மகள். அவள் எனக்கு மெசேஜ்தான் அனுப்புவாள், போன் பண்ண மாட்டாள். எழுந்து வெளியே வந்தேன்.

"ஆன்ட்டி, அம்மா… ஷி இஸ் கான், ஆன்ட்டி. போயிட்டாங்க. வேலைக்குக் கிளம்பி கார்கிட்ட போனாங்க. டிரைவ்வேயிலேயே விழுந்துட்டாங்க. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள…"

அதற்கு மேல் அவளுக்குத் தமிழும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. 

மல்லிகா அக்காவின் ஊர் கோபிச்செட்டிப்பாளையம். முப்பது வருடங்களாக நியூ ஜெர்சியில் இருந்தார். மருந்து கம்பெனி ஒன்றின் லேபில் வேலை. எங்கள் நட்பு ஆபீஸுக்கு ஒரே காரில் போய்வந்ததில் தொடங்கியது. ஆனால் நம் வாட்ஸாப் குரூப்பில் இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரைப் பண்ணையில்தான் தெரியும். பிரிட்ஜ்வாட்டர் ஊரிலிருந்து அரை மணி தூரத்தில் லிண்டாவின் பண்ணையில் குட்டைக் குதிரைகளை வளர்க்கும் நம் குடும்பங்களுக்கு, போட்டி நாளன்று பிடரியும் வாலும் பின்னித் தருபவர் அவர்.

அந்தக் குதிரைகள் நம் இடுப்பளவுகூட இருக்காது. யாரும் ஏறிப் போவதில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாம் பக்கத்தில் ஓட, அவை தடைகளைத் தாண்டும். களத்தில் இறங்குவதற்கு முன் பிடரி மயிரைச் சின்னச் சின்ன சடைகளாகப் பின்னி, மடித்து, கம்பளி நூலால் கழுத்தோடு கட்டவேண்டும். வாலை அடியிலிருந்து பின்னிக்கொண்டு வரவேண்டும்.

என் குதிரை மிளகைப் பார்க்க ஒரு சனிக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். லிண்டா ஒரு குதிரைக்குப் பின்னிக்கொண்டிருந்தார். அக்கா ஐந்து நிமிடம் பொறுமையாகப் பார்த்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. கொஞ்சம் நகருங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுச் சீப்பை வாங்கிக்கொண்டார். பின்னி முடித்ததும் லிண்டா குதிரையை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்துவிட்டு, எந்த லாயத்தில் வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"மூணு தங்கச்சிங்க, ஒரே கண்ணாடி, எட்டரைக்கு ஸ்கூல் பெல்லு. அதுதான் என்ற லாயம்னு சொல்லு கண்ணு."

அவர் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கவிழ்த்த பக்கெட் மேல் உட்கார்ந்துகொள்வார். சீப்பை எடுப்பதற்கு முன் பிடரிக்கு அடியிலும் வாலின் அடியிலும் விரலை விட்டு மெதுவாகத் தடவிப் பார்ப்பார். இரண்டு மூன்று சடைக்கு ஒருமுறை கையை நிறுத்திக் குதிரையின் காதைப் பார்ப்பார். "கண்ணு எங்க வேணாலும் பாக்கட்டும். காது நம்மகிட்ட இருக்கோணும்" என்பார். காது பின்னால் மடங்கினால், அதுவரை பின்னிய சடையை அவிழ்த்துவிட்டு மறுபடி தொடங்குவார்.

இனி எழுதப்போவது அவரைப் பற்றியது மட்டுமில்லை.

நான்கு வருடங்களுக்கு முன் நடந்த கோடைக்காலப் போட்டி உங்களுக்கு நினைவிருக்கும். மிளகு முதல்முறையாகக் களமிறங்கிய நாள். ஆபீஸ் நண்பர்கள், கோயில் நண்பர்கள் என்று இருபது பேரை அழைத்திருந்தேன். காலையில் அக்கா மிளகின் பிடரியை அழகாகப் பின்னி முடித்தார். வாலின் அடியில் விரலை விட்டவர் நின்றுவிட்டார்.

"சுதா, இங்க புண்ணு இருக்குது. எங்கியோ தேச்சிருக்குறான். வாலு வேண்டாங் கண்ணு."

"பாதி பின்னிட்டு பாதி விட்டா நல்லாவா இருக்கும், அக்கா?"

"வாலை லூசா விட்டுட்டே ஓட்டு. ரெண்டு மார்க்குப் போனா போயிட்டுப் போகுது."

"எல்லாரும் வந்துருக்காங்க. சும்மா மேலாப்புல பின்னிக் குடுங்களேன்."

"நான் பண்ண மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த குதிரையிடம் போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. பக்கத்துக் குதிரையின் வால் பின்னி முடிந்து மினுங்கிக்கொண்டிருந்தது. நான் நூலை எடுத்தேன். கலையாமல் இருக்கவேண்டுமே என்று அடியிலிருந்து இறுக்கிப் பின்னினேன். மிளகு இரண்டு முறை விலகினான். நான் பிடித்து இழுத்து நிறுத்தினேன்.

களத்தில் நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். முதல் தடையைத் தாண்டினான். இரண்டாவதன் முன்னால் பின்வாங்கி உதைத்தான். கயிறு என் கையிலிருந்து நழுவியது. வேலியில் மோதி அவன் முன்னங்கால் கிழிந்தது. அக்காதான் ஓடாமல், கத்தாமல், நடந்து போய் அவனைப் பிடித்தார். மண்ணிலேயே உட்கார்ந்து வாலை அவிழ்க்கத் தொடங்கினார். நூலில் ரத்தம் இருந்தது.

சுற்றி நின்றவர்களில் ஒருவர், "ஐயோ, யாருங்க இவ்ளோ டைட்டா பின்னுனது?" என்று கேட்டார்.

"மல்லிகா அக்காதான்" என்றேன்.

அக்கா தலையைத் தூக்கி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து மீதிச் சடையை அவிழ்த்தார்.

அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு நம் வாட்ஸாப் குரூப்பில் பரவிவிட்டது. நான் மறுக்கவில்லை. அடுத்த போட்டிக்கு யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்ததற்கும் கூப்பிடவில்லை. நான் வேலை நேரம் மாறிவிட்டது என்று பொய் சொல்லி, தனியாக டிரைவ் பண்ணத் தொடங்கினேன்.

எட்டு மாதம் கழித்துத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர், "வா சாமி, காப்பி குடிக்கிறியா?" என்றார். சமையலறையிலேயே நின்று அழுதேன். மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"என்கிட்ட எதுக்குச் சொல்ற? எனக்குத்தான் தெரியுமே" என்றார். "அவங்களுக்குத்தான் தெரியாது. அதை நீதான் சொல்லோணும்."

"சொல்றேங்க்கா."

"சரி, சொல்லு. மொளகு காலு எப்படி இருக்குது?"

அடுத்த சனிக்கிழமையே பண்ணைக்கு வந்து பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்தார். அவர் மிளகுக்குப் பின்னுவதைப் பார்த்து மற்றவர்களும் மெல்ல மெல்ல அவரைக் கூப்பிட்டார்கள். நான் சொல்லவில்லை. இந்த வாரம் சொல்லலாம், பொங்கல் முடியட்டும், சீசன் தொடங்கட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

போன வருடம் உங்களில் ஒருவர், நான் அருகில் இருக்கும்போதே அவரிடம், "இப்பல்லாம் நல்லா லூசா பின்னுறீங்க ஆன்ட்டி" என்று பாராட்டினார். சொன்னவர் மேல் தப்பில்லை. அவர் நான் சொன்ன பொய்யைத்தான் நம்பியிருந்தார்.  அக்கா நூலை வெட்டிக்கொண்டே சொன்னார்:

"ஆமாங்க. பட்டுத்தானுங்க கத்துக்கறோம்."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். காரில் திரும்பி வரும்போது அவர் காவ்யாவின் புது வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போதுகூட அந்தப் பாராட்டைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை.

சனிக்கிழமை இறுதிச் சடங்கில் என்னைப் பேசச் சொன்னார்கள். அவருடைய பொறுமையைப் பற்றிச் சொன்னேன். கைத்திறனைப் பற்றிச் சொன்னேன். முதல் வரிசையில் காவ்யா உட்கார்ந்திருந்தாள். இருந்தும் அந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேன். அன்று மாலை அவளுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.  "அம்மா என்கிட்டகூட சொல்லல, ஆன்ட்டி" என்றாள். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

மிளகின் வாலைப் பின்னியது நான். வேண்டாம் என்று சொன்னவர் மல்லிகா அக்கா. தான் பின்னாத சடைக்கான பழியோடு நம் நடுவில் நான்கு வருடங்கள் இருந்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது என்ன என்று இந்த வாரம் முழுக்க யோசித்தேன். சொல்லிவிட்டாயா என்று அவர் ஒருநாள்கூட என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொல்லுவேன் என்று நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கைதான் என்னிடம் இருக்கிறது. அவர் உயிரோடு இருந்து பார்க்க அதைக் காப்பாற்ற எனக்கு மூன்று வருடங்களுக்கு மேல் அவகாசம் இருந்தது.